சின்ன கேசினோ மெஷின்களில் கணக்குப் போட்டு ஜெயிக்க முடியுமா?

மீட்டர்மணி:
ஸ்லாட்டில் (பட்டனைத் தட்டினால் படங்கள் சுழலும் சூதாட்ட மெஷினில்) கணக்கு எடுபடாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களுக்காக இது. "500க்குள் விழுந்தே தீரும்" என்று எழுதியிருக்கும் ஜாக்பாட் மெஷினை எடுத்துக்கொள்வோம். 100 போட்டால், ஜாக்பாட் பரிசுத் தொகையைக் காட்டும் மீட்டர் 1 ஏறுகிறது. ஜாக்பாட்டைச் சேர்க்காமல் மெஷின் 88% திருப்பித் தருகிறது, அதாவது நூற்றுக்கு 12 போய்விடும். இப்போதைய மீட்டருக்கும் 500க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் சம வாய்ப்போடு விழலாம் என்று வைத்தால், 440ல் உட்காருபவர் சராசரியாக மீட்டரை இன்னும் 30 ஏற்ற வேண்டும். அதற்குப் போட வேண்டியது 3,000. இழப்பு 360, கிடைக்கும் பரிசு சராசரி 470, மிச்சம் 110. வரவும் செலவும் சரிக்குச் சரியாகும் இடம் 423. அதற்குக் கீழே உட்காருவது கேசினோவுக்குத் தானம்.

பெரிய இடங்களில் மீட்டர் பார்த்துக்கொண்டே சுற்றும் கூட்டம் இருக்கும். சின்ன இடத்தில் 450ல் நிற்கும் மெஷின் கேட்பாரற்றுக் கிடக்கலாம்.

சந்தேகசாமி:
கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. உள்ளே போட்ட எண்கள் எங்கிருந்து வந்தன? 88% என்று மெஷின் மேல் எழுதி ஒட்டியிருக்காது. சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் நெவாடாவில் 75%, நியூஜெர்சியில் 83%. அதற்கு மேல் கேசினோக்காரன் இஷ்டம். மீட்டர் 1% இல்லாமல் அரை சதவீதம் ஏறுகிறது என்றால் உங்கள் 423, 460 ஆகிவிடும். 440ல் உட்கார்ந்தவருக்கு 110 லாபம் போய் 250 நஷ்டம்.

சரி, 110 என்றே இருக்கட்டும். சுற்றுக்கு 1 வீதம் 3,000 சுற்று. ஒரு சுற்றின் திட்ட விலக்கத்தை (முடிவு சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடும் என்பதன் அளவை) பந்தயத்தைப் போல 8 மடங்கு என்று எடுத்தால் மொத்தத்துக்கு 438 வருகிறது. 110ஐத் தேடிப் போய் 438 இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட வேண்டும். மணிக்கு 600 சுற்று என்றால் 5 மணி நேரம், மணிக்கு 22. இதற்குப் பேர் எட்ஜா, கேசினோவை மிஞ்சும் சாதகமா?

மீட்டர்மணி:
ஏறும் வேகத்தை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். மீட்டர் பெரும்பாலும் இரண்டு தசம இடம் வரை காட்டும். வேறொருவர் ஆடும்போது அவர் பந்தயத்தையும் சுற்றுகளையும் எண்ணி, மீட்டர் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். நம் காசு ஒன்றும் போகாது. 88%தான் தெரியாத எண். அதை 85% என்று இறக்கினாலும் சமநிலை 438க்குத்தான் போகிறது. 450க்கு மேல் மட்டும் உட்காருவேன் என்று வைத்துக்கொண்டால் அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்து இடம் விட்டாயிற்று.

அஞ்சாங்காசு:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 423 என்பது மெஷின் கடைசிவரை உங்கள் கையில் இருந்தால் மட்டும். அந்த இடத்தில் அடுத்த 100 போடும்போது ஜாக்பாட் விழும் வாய்ப்பு ஏறக்குறைய 77ல் ஒன்று, மதிப்பு 5.5. இழப்போ 12. அதாவது தொடக்கத்தில் நஷ்டம்தான் ஓடுகிறது, கடைசியில் வரும் லாபம் அதை ஈடுகட்டுகிறது. ஆறு மெஷின் ஒரே மீட்டரில் இணைந்திருந்தால் நீங்கள் ஏற்றிவிட, பக்கத்து நாற்காலிக்காரர் அடித்துக்கொண்டு போவார். அங்கே ஒவ்வொரு நூறும் தன் செலவைத் தானே எடுக்க வேண்டும். அது 462ல்தான் நடக்கும். தனி மெஷினிலும் பணம் தீர்ந்து பாதியில் எழுந்தால் இதே கதி. 440ல் தொடங்கினால் மோசமான நிலையில் 6,000 வரை சுழல வேண்டியிருக்கும். அதைத் தாங்கும் கைமுதல் இல்லாதவர் தொடங்கவே கூடாது.

என்னைக் கேட்டால் ஸ்லாட்டை விட்டுவிட்டு வீடியோ போக்கரை (ஐந்து சீட்டு வரும், வேண்டாததைப் போட்டுவிட்டு மாற்றிக்கொள்ளும் மெஷினை) பாருங்கள். மறைந்த எண்ணே கிடையாது, பரிசு அட்டவணை திரையிலேயே இருக்கிறது. ஜோடி ஜாக்கோ அதற்கு மேலோ வந்தால்தான் பரிசு தொடங்கும் ஜாக்ஸ் ஆர் பெட்டர் வகையில், ஒரு காசுக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண், இரண்டு ஒரே எண்) 9, ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) 6 என்றால், பிழையில்லாமல் ஆடினால் 99.54%. அதுவே 8, 5 என்றால் 97.30%. இரண்டே இடத்தில் ஒவ்வொரு காசு குறைத்து 2.24% உருவிவிட்டான்! ராயல் ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் 10 முதல் ஏஸ் வரை) வழக்கமான 4,000 காசுக்குப் பதில் ஏறும் ஜாக்பாட் இருந்தால், 9/6 மெஷின் 4,880 காசில் சமநிலைக்கு வரும். 8/5க்கு சுமார் 8,700 ஆக வேண்டும். எப்போதும் 5 காசு போட்டுத்தான் ஆட வேண்டும், ஒரு காசு போட்டால் ராயலுக்கு 250தான்.

கைகளை மனப்பாடம் செய்யாமல் போகாதீர்கள். 5, 6, 7, 7, 8 வந்தால் பலர் ஒரு 7ஐத் தூக்கிப்போட்டு ஸ்ட்ரெயிட்டுக்கு (ஐந்து சீட்டும் எண் வரிசையில்) நிற்பார்கள். அதன் மதிப்பு 47ல் 8 வாய்ப்பு, தலா 4, ஆக 0.68. ஜோடி 7ஐ வைத்தால் 0.82.

சந்தேகசாமி:
இதை ஒத்துக்கொள்கிறேன், அளவோடு. ராயல் சுமார் 40,000 ஆட்டத்துக்கு ஒன்று. அது வராதவரை திரும்புவது 97.56%தான். 40,000 ஆட்டத்தில் போடுவது 2,00,000 காசு, அதில் 4,880 கரையும். அந்த ஒரு ராயல் வந்தால்தான் கணக்கு நேராகும், அதுவும் சொன்ன நேரத்துக்கு வராது. இன்னொன்று: அமெரிக்கப் பழங்குடி கேசினோக்களில் இருக்கும் இரண்டாம் வகுப்பு மெஷினில் முடிவைத் தருவது பிங்கோ (எண்களைக் குலுக்கி எடுத்து அட்டையில் பொருத்தும் ஆட்டம்), சீட்டு வெறும் படம். 99.54% அங்கே செல்லாது.

அஞ்சாங்காசு:
சரியான எச்சரிக்கை. இரண்டாம் வகுப்பு என்றால் திரையின் ஓரத்தில் சின்ன பிங்கோ அட்டை தெரியும், முதலில் அதைத் தேடுங்கள். தெளிவாகவில்லை என்றால் குறைந்த பந்தயத்தில் ஜோடி ராஜா வரும்போது இரண்டையும் தூக்கிப்போட்டுப் பாருங்கள். தூக்கிப்போட்ட பரிசு ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது வேடத்தில் உங்களிடமே திரும்பி வந்தால் அது சீட்டாட்டம் இல்லை. இருக்கும் காசை எடுத்துக்கொண்டு அடுத்த மெஷினின் அட்டவணையைப் படிக்கலாம்.