பழைய மெயில் சர்வருக்கு முன்னால் எஸ்டனல்: போடலாமா, கூடாதா?

கெடிலம்
கடலூர் சிப்காட் பக்கம் ஒரு அலுவலகம், தட்டாஞ்சாவடியில் அதன் கிளை. மெயில் சர்வர் சென்ட்ஓஎஸ் 5, மெயில் அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ் 2.3, வந்த மெயிலைப் படிக்க டவ்காட் 1.0. அதே மெஷினில் கணக்கு மென்பொருளும் ஓடுவதால் இப்போதைக்கு அதை மாற்ற வழியில்லை. மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 0.9.8 என்பதால், இணைப்பை மறையாக்கும் முறை டிஎல்எஸ் 1.0-ஐத் தாண்டாது, புது போன்கள் இணைய மறுக்கின்றன. கிளையில் இருப்பவர்கள் 143-லும் (மெயில் படிக்கும் ஐமேப் போர்ட்) 25-லும் (அனுப்பும் போர்ட்) பாஸ்வேர்டை அப்பட்டமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் ஒரு டெபியன் பெட்டி வைத்து, வெளியிலிருந்து மறையாக்கத்தோடு வரும் இணைப்பை வாங்கிப் பிரித்து உள் சர்வருக்குக் கொடுக்கும் எஸ்டனல் என்ற நிரலை ஓட்டலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா?

நெல்லித்தோப்பு நிர்வாகி
தாராளமாக. எஸ்டனல் இதற்கென்றே வந்தது. சர்வர் மென்பொருளில் ஒரு வரியைத் தொட வேண்டாம். 3-ஆம் பதிப்பில் எல்லாம் கட்டளை வரியிலேயே முடிந்துவிடும்: -டி போட்டு 993, -ஆர் போட்டு உள் சர்வரின் 143, -பி போட்டு சான்றிதழ் கோப்பு. 4-இலிருந்து கான்ஃபிக் கோப்பு. பழைய பழக்கம் விடாதவர்களுக்கு எஸ்டனல்3 என்ற ஸ்கிரிப்ட் இன்னும் கூடவே வருகிறது.

ஐமேப்புக்கு ஒரு பகுதி: அக்செப்ட் 993, கனெக்ட் 192.168.1.10:143. அனுப்புவதற்கு இன்னொன்று: அக்செப்ட் 465, கனெக்ட் 192.168.1.10:25. பொதுப் பகுதியில் எஸ்எஸ்எல்வெர்ஷன்மின் = டிஎல்எஸ்வி1.2. சான்றிதழுக்கு ஃபுல்செயின் கோப்பையே காட்டுங்கள். செர்ட் கோப்பை மட்டும் காட்டினால் இடைச் சான்றிதழ் போகாது. கம்ப்யூட்டரில் திறக்கும், போனில் "நம்ப முடியாது" என்று நிற்கும்.

465, 993 என்று முதலிலிருந்தே மறையாக்கம் செய்யும் போர்ட்டுகளைத்தான் 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 பரிந்துரைக்கிறது. ஆகவே இது ஒட்டுப்போடும் வேலையும் அல்ல.

சங்கராபரணி
ஐமேப் வரை சரி. 465-ஐ 25-க்குத் திருப்புகிறீர்களே, அங்கேதான் ஆபத்து. கெடிலம், இதை இப்படியே செய்துவிடாதீர்கள்.

எஸ்டனல் வழியாக வருகிற ஒவ்வொரு இணைப்பும் போஸ்ட்ஃபிக்ஸுக்கு டெபியன் பெட்டியின் முகவரியிலிருந்து வருவதாகவே தெரியும். அது 192.168.1 வரிசை. உங்கள் மைநெட்வொர்க்ஸில் (போஸ்ட்ஃபிக்ஸ் நம்பும் முகவரிகளின் பட்டியல்) அந்த வரிசை கட்டாயம் இருக்கும், இல்லாவிட்டால் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் மெயில் அனுப்ப முடியாது. பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ் விதி பாஸ்வேர்டே கேட்காமல் விட்டுவிடும். ஆக, உலகில் யார் 465-இல் வந்து தட்டினாலும் உங்கள் சர்வர் வழியாக யாருக்கும் அனுப்பலாம். மறையாக்கம் மட்டும் போட்ட ஓப்பன் ரிலே! அடுத்தது பிளாக்லிஸ்ட். அதன்பின் உங்கள் நிறுவனம் அனுப்பும் உண்மையான மெயிலும் எங்கும் போய்ச் சேராது.

நெல்லித்தோப்பு நிர்வாகி
சார், அதற்குத் தீர்வு இல்லாமலா? எஸ்டனலில் புரோட்டோகால் = பிராக்ஸி என்று ஒரு வரி போட்டால், இணைப்பின் தொடக்கத்திலேயே உண்மையான முகவரியை எழுதி உள்ளே அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸில் எஸ்எம்டிபிடி_அப்ஸ்ட்ரீம்_பிராக்ஸி_புரோட்டோகால் = எச்ஏபிராக்ஸி. 25-ஐத் தொடாமல், 10465 என்று இதற்கென ஒரு போர்ட் திறந்தால் போதும்.

சங்கராபரணி
அந்த வசதி போஸ்ட்ஃபிக்ஸ் 2.10-இலிருந்துதான். இங்கே இருப்பது 2.3. டவ்காட்டிலும் 2.2.19-க்கு முன்னால் கிடையாது. ரிலே_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்று, வெளியே யார் அனுப்பலாம் என்பதற்கான தனி விதியே 2.10-இல்தான் வந்தது. இணையத்தில் கிடைக்கிற புது கான்ஃபிக்கை அப்படியே ஒட்டினால் 2.3 அந்த வரியைச் சட்டை செய்யாது, எச்சரிக்கவும் செய்யாது. பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

எஸ்டனலையே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் 2.3-இல் ஒரே வழி: மாஸ்டர் கோப்பில் தனி போர்ட், அதில் ரெசிப்பியண்ட்_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் = பெர்மிட்_சாஸ்ல்_ஆதென்டிகேட்டட், ரிஜெக்ட் (லாகின் செய்தவருக்கு மட்டும் அனுமதி). மைநெட்வொர்க்ஸ் என்ற பேச்சே அந்த வரியில் இருக்கக் கூடாது. டிஎல்எஸ்_ஆத்_ஒன்லி போட்டிருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் நோ ஆக்குங்கள். மறையாக்கம் வெளியே முடிந்துவிட்டது போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியாது. எஸ் (ஆம்) என்று இருந்தால் லாகின் வசதியையே காட்டாது, போன் "இந்தச் சர்வரில் அங்கீகாரம் இல்லை" என்று சொல்லும்.

நெல்லித்தோப்பு நிர்வாகி
2.3 என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வரி இங்கே உதவாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இப்போது சொன்ன தனிப் போர்ட்டே போதுமே? எஸ்டனல் வேண்டாம் என்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

சங்கராபரணி
பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் பார்க்கும் தாக்குதல். லாகினில் தோற்கும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் பார்க்கிற லாகில் எல்லாத் தோல்வியும் டெபியன் பெட்டியின் பெயரில் விழும். தடுத்தால் கிளை முழுக்கத் தடைபடும். விலக்குப் பட்டியலில் வைத்தால் யாரையும் தடுக்காது. எஸ்டனலின் லாகில் "அக்செப்டட் கனெக்‌ஷன் ஃப்ரம்" என்று உண்மை முகவரி வரும், உண்மைதான். பாஸ்வேர்ட் சரியா தவறா என்பது அதற்குத் தெரியாது. எத்தனை முறை வந்தார்கள் என்று எண்ணலாம், அவ்வளவே.

என் யோசனை: அனுப்பும் வழியை டெபியனில் இருக்கும் புது போஸ்ட்ஃபிக்ஸே எடுத்துக்கொள்ளட்டும். 465-இல் டிஎல்எஸ்_ராப்பர்மோடு = எஸ், ரிலே விதியில் சாஸ்ல் மட்டும். பயனர்களை மறுபடி உருவாக்க வேண்டாம்: பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சாஸ்ல்ஆத்டி-யை ஆர்ஐமேப் முறையில் ஓட்டினால், வருகிற பெயரையும் பாஸ்வேர்டையும் பழைய டவ்காட்டின் 143-இல் லாகின் செய்து பார்த்துச் சொல்லும். உண்மை முகவரி போஸ்ட்ஃபிக்ஸின் லாகிலேயே கிடைக்கும். ஐமேப்புக்கு மட்டும் எஸ்டனல் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கெடிலம்
ஐமேப்பை மட்டும் எஸ்டனலில் சோதித்துப் பார்த்தேன். இணைப்பு கிடைக்கிறது, லாகின் செய்யும்போது "பிளெயின்டெக்ஸ்ட் ஆதென்டிகேஷன் டிஸ்அலவ்ட்" என்று வருகிறது.

நெல்லித்தோப்பு நிர்வாகி
எஸ்டனலும் டவ்காட்டும் ஒரே மெஷினில் இருந்தால் இந்தப் பிழை வராது. உள்ளூர் இணைப்பைப் பாதுகாப்பானது என்று டவ்காட் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு இரண்டு பெட்டி. டிஸேபிள்_பிளெயின்டெக்ஸ்ட்_ஆத் = நோ என்று மாற்றுங்கள். மாற்றிய கையோடு ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் 143-ஐ டெபியன் பெட்டிக்கு மட்டும் திறந்துவிட்டு மற்ற எல்லாருக்கும் மூடுங்கள். இரு பெட்டிக்கும் இடையே பாஸ்வேர்ட் திறந்துதான் போகும். தனி நெட்வொர்க் கார்டு போட்டு ஒரே கேபிளில் நேராக இணைத்தால் நல்லது.

இன்னொன்று. அலுவலகத்தில் பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் எடுத்து மெயில் அனுப்பினால், டிஎல்எஸ் தெரியாததால் அது 465-இல் இணைய முடியாது. அதற்கு எஸ்டனலைத் திருப்பிப் போடுங்கள்: கிளையன்ட் = எஸ், அக்செப்ட் 2525, கனெக்ட் வெளி சர்வரின் 465. இந்த வேலையில் எஸ்டனலை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

சங்கராபரணி
அங்கேயும் ஒரு வார்த்தை. கிளையன்ட் முறையில் எஸ்டனல் தானாக எதிர்ச் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்காது. யார் சான்றிதழைக் காட்டினாலும் ஏற்கும். வெரிஃபைசெயின் = எஸ், சிஏஃபைல் பாதை, செக்ஹோஸ்ட் என்று மூன்றும் வேண்டும். மூன்றாவதை விட்டால் வேறு எந்தப் பெயருக்கு வாங்கிய சான்றிதழும் செல்லும். சரிபார்ப்பு வந்ததும் கடிகாரம் முக்கியமாகிவிடும்: கடலூரில் புயல் நாளில் நெடுநேரம் கரண்ட் போய்ச் சீமாஸ் பேட்டரியும் செத்திருந்தால், மெஷின் பழைய தேதியில் எழும், "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நின்றுவிடும். கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி சேவை எஸ்டனலுக்கு முன்னால் தொடங்கட்டும்.

திருப்பாப்புலியூர்
யாரும் சொல்லாத ஒன்று, புதுப்பித்தல். லெட்ஸ் என்கிரிப்ட்டின் 90 நாள் இலவசச் சான்றிதழை செர்ட்பாட் என்ற நிரல் 30 நாள் மிச்சமிருக்கும்போது புதுப்பிக்கும். எஸ்டனல் பழையதையே நினைவில் வைத்திருக்கும். சிக்ஹப் (ரீலோடு சைகை) அனுப்பினால்தான் மறுபடி படிக்கும். செட்யூஐடி போட்டு ரூட் உரிமையை விட்டுவிட்டிருந்தால், ரூட் மட்டும் படிக்கக்கூடிய சாவியைத் திறக்க முடியாமல் லாகில் பெர்மிஷன் டினைட் எழுதிவிட்டுப் பழைய சான்றிதழோடு ஓடும். மெஷின் எழும்போது சரியாக இருந்தது, புதுப்பித்து ஒரு மாதம் கழித்துத் திடீரென எல்லா போனிலும் "காலாவதி" என்பார்கள். செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹூக்கில் எஸ்டனலை ரீஸ்டார்ட் செய்யுங்கள்; ரீலோடு போதாது.

கெடிலம்
ஐமேப்புக்கு எஸ்டனல், அனுப்ப டெபியனிலேயே போஸ்ட்ஃபிக்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். ரிலே பூட்டியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சங்கராபரணி
அலுவலக வைஃபையிலிருந்து அல்ல, மொபைல் டேட்டாவிலிருந்து. ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் கொண்டு 465-இல் இணைந்து, லாகின் செய்யாமல், அனுப்புநர் வரியும் வெளி டொமைன் ஒன்றுக்குப் பெறுநர் வரியும் கொடுங்கள். பெறுநர் வரிக்கு 554 (மறுப்பு) வந்தால் சரி. அதற்கு 250 (ஏற்பு) வந்தால் உடனே 465-ஐ மூடுங்கள். -குவயட் என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஆர்சிபிடி என்ற பெறுநர் வரியைப் பெரிய எழுத்தில் அடித்ததும், முதல் எழுத்தான ஆர்-ஐத் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொண்டு எஸ்_கிளையன்ட் "ரீநெகோஷியேட்டிங்" என்று காட்டும், வரி சர்வருக்கே போகாது. சர்வர் மறுத்துவிட்டது என்று தவறாக நினைத்துக்கொள்வோம்.