எஃப்ட்ரேஸில் 46 மைக்ரோசெகண்ட், நேரில் 9: எதை நம்புவது? நேரமுத்திரையும் முன்பின்னாக வருகிறது

கேள்வி:
லினக்ஸ் கர்னல் 6.1, 8 கோர் இன்டெல் கணினி, ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை. ஒரு 4 கிலோபைட் ரைட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க, கர்னலுக்குள் நடப்பதைப் பதியும் எஃப்ட்ரேஸ் கருவியின் கரன்ட்_ட்ரேசரில் ஃபங்ஷன்_கிராஃப் (ஃபங்ஷன் அழைப்புகளை நேரத்தோடு காட்டும் முறை) போட்டு, செட்_கிராஃப்_ஃபங்ஷனில் விஎஃப்எஸ்_ரைட் (கோப்பில் எழுதும் கர்னல் ஃபங்ஷன்) கொடுத்திருக்கிறேன். 46 மைக்ரோசெகண்ட் என்கிறது. ட்ரேசிங்கை நிறுத்திவிட்டுப் பயனர் நிரலில் கிளாக்_கெட்டைம் வைத்து அளந்தால் சிஸ்டம் கால் முழுவதற்குமே 9தான்.

இன்னொரு சிக்கல்: சிபியு 2-ல் ஷெட்_வேக்கிங் (ஒரு திரெட்டை எழுப்பும் நிகழ்வு) பதிவாகிறது. அது எழுப்பிய திரெட் சிபியு 5-ல் ஏறும் ஷெட்_ஸ்விட்ச், அதற்கு 30 மைக்ரோசெகண்ட் முன்னதாகவே இருக்கிறது. எழுப்புவதற்கு முன்பே எழுந்துவிட்டதாம்! நேரமுத்திரைக்கான கடிகாரத்தைத் தேர்வு செய்யும் ட்ரேஸ்_கிளாக்கை குளோபலுக்கு மாற்றினால் இரண்டும் சரியாகுமா?

பதில் 1:
இரண்டும் தனித்தனி நோய்கள், ஒரே மருந்து கேட்காது.

முதலில் 46. செட்_கிராஃப்_ஃபங்ஷன் என்பது "இங்கிருந்து தொடங்கி, இதற்குள் அழைக்கப்படும் எல்லாவற்றையும் பதிவு செய்" என்று பொருள். உள்ளே ஓடும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நுழைவில் ஒரு கொக்கி, திரும்பும்போது ஒன்று. திரும்பும் முகவரியை மாற்றி வைப்பது, கடிகாரம் படிப்பது, ரிங் பஃபரில் (பதிவுகள் சேரும் சுழல் நினைவகம்) எழுதுவது எல்லாம் வெளி ஃபங்ஷனின் கணக்கில்தான் ஏறும். வெளிப்பாட்டில் விஎஃப்எஸ்_ரைட்டுக்குள் எத்தனை அழைப்புகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். 46-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசமான 37 மைக்ரோசெகண்டை அதால் வகுத்தால் ஓர் அழைப்புக்கான சுமை கிடைக்கும். அடியில் இருக்கும், வேறெதையும் அழைக்காத ஃபங்ஷன்களின் நேரம் ஓரளவு நம்பத்தக்கது. மேலே போகப் போக எண் ஊதிக்கொண்டே போகும்.

மொத்த நேரம் மட்டும் போதுமென்றால் செட்_கிராஃப்_ஃபங்ஷனைக் காலி செய்துவிட்டு, செட்_எஃப்ட்ரேஸ்_ஃபில்டரில் விஎஃப்எஸ்_ரைட்டை மட்டும் எழுதுங்கள். அப்போது மற்ற ஃபங்ஷன்களின் தலையில் வெறும் நாப்தான் (எதுவும் செய்யாத கட்டளை) இருக்கும். மேக்ஸ்_கிராஃப்_டெப்த்தில் 1 போட்டாலும் வெளிப்பாடு இதேபோல் தெரியும், ஆனால் ஏமாறாதீர்கள்: உள் ஃபங்ஷன்களின் கொக்கி அப்போதும் ஓடி, "பதிய வேண்டாம்" என்று முடிவெடுத்துத்தான் திரும்புகிறது.

கேட்டவர்:
உள்ளே 143 அழைப்புகள். வகுத்தால் அழைப்புக்குச் சுமார் கால் மைக்ரோசெகண்ட் வருகிறது. ஃபில்டரை மாற்றியதும் 8.9 ஆனது. ஆனால் இடையிடையே ஒன்றிரண்டு ரைட் மட்டும் 400, 500 என்று, பக்கத்தில் ஆச்சரியக்குறியோடு வருகிறது.

பதில் 1:
அந்தக் குறி 100 மைக்ரோசெகண்டைத் தாண்டியதற்கான அடையாளம். டாஸ்க் நடுவில் தூங்கியிருக்கலாம். இயல்பில் அந்த நேரமும் சேர்ந்தே கணக்காகும். ஆப்ஷன்ஸ் அடைவில் ஸ்லீப்-டைமுக்கு 0 கொடுத்துப் பாருங்கள். எண் விழுந்தால் ஜர்னலுக்கோ (கோப்பு முறைமையின் மாற்றப் பதிவேடு) பூட்டுக்கோ காத்திருந்திருக்கிறது. விழாவிட்டால் இன்டரப்ட் குறுக்கிட்டதா என்று பாருங்கள், அதன் நேரம் கழிக்கப்படுவதில்லை.

பதில் 2:
கடிகாரத்துக்கு வருகிறேன். இயல்பாக இருக்கும் லோக்கல் கடிகாரம் வேகமானது, ஒரே சிபியுவுக்குள் ஒழுங்கானது. சிபியுக்களுக்கு இடையே ஒத்துப்போகும் என்ற உறுதி கிடையாது. டிஎஸ்சி என்பது சிபியுவுக்குள்ளேயே ஓடும் எண்ணி, லோக்கல் கடிகாரம் அதைத்தான் படிக்கிறது. அது ஒரே வேகத்தில், நிற்காமல் ஓடும் என்று சொல்லும் கான்ஸ்டன்ட்_டிஎஸ்சி, நான்ஸ்டாப்_டிஎஸ்சி இரண்டும் உள்ள சிபியுவில் பொதுவாக வித்தியாசம் தெரியாது. 30 மைக்ரோசெகண்ட் பின்னோக்கிப் போகிறது என்றால் டிஎஸ்சி மீதுதான் சந்தேகம். கர்னல் இப்போது எந்த வன்பொருள் கடிகாரத்தைப் படிக்கிறது என்று சொல்லும் கரன்ட்_கிளாக்சோர்ஸ் கோப்பில் என்ன இருக்கிறது? கர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் டிஎஸ்சி "அன்ஸ்டேபிள்" என்ற வரி உண்டா?

கேட்டவர்:
ஹெச்பெட் (மதர்போர்டிலுள்ள டைமர்) என்று இருக்கிறது. அந்த வரியும் உண்டு, பூட் ஆகி இருபது நிமிடம் கழித்து.

பதில் 2:
அதுதான் காரணம். பூட்டின்போதே கடிகாரம் நிலையற்றது என்று தெரிந்தால் எஃப்ட்ரேஸ் தானே குளோபலுக்கு மாறிக்கொள்ளும். உங்களுடையது பிறகு கெட்டதால் லோக்கலிலேயே நின்றுவிட்டது. குளோபல் போடலாம், வரிசை சரியாகும். ஆனால் அது சிபியுக்களுக்கு இடையே பூட்டு வைத்து ஒத்திசைப்பதால் கனம். எது முன், எது பின் என்பது மட்டும் போதுமென்றால் கவுன்டர் எடுங்கள். அது நேரமே அல்ல, ஏறிக்கொண்டே போகும் எண்.

பயனர் நிரலோடு ஒப்பிட மோனோ (பயனர் நிரலும் படிக்கக்கூடிய மோனோடோனிக் கடிகாரம்) வைக்கலாமே என்று தோன்றும். இந்தக் கணினியில் வேண்டாம். மோனோ கிளாக்சோர்ஸைப் படிக்கும், அது இப்போது ஹெச்பெட். டிஎஸ்சி பத்திருபது நானோசெகண்டில் படிக்கக்கூடியது, ஹெச்பெட் அதைவிடப் பல மடங்கு மெதுவானது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் அந்தத் தண்டம் கட்ட வேண்டிவரும்.

எந்தக் கடிகாரத்துக்கு மாற்றினாலும் பஃபர் காலியாகிவிடும், பழைய பதிவை முதலில் எடுத்து வையுங்கள்.

பதில் 1:
ஒரு சேர்க்கை. 6.1-ல் ஃபங்ஷன்_கிராஃபின் கால அளவு நெடுவரிசை, ட்ரேஸ்_கிளாக்கில் எது இருந்தாலும் லோக்கல் கடிகாரத்தில்தான் கணக்கிடப்படுகிறது. ரைட்டின் நடுவே டாஸ்க் வேறு சிபியுவுக்குத் தாவினால் அந்தப் பிசகு அப்படியே உள்ளே வரும். டாஸ்க்செட்டில் ஒரே சிபியுவில் கட்டிவைத்து அளங்கள்.

கேட்டவர்:
குளோபலில் வரிசை சரியாகிவிட்டது. டாஸ்க்செட் போட்டு மீண்டும் ஓட்டினேன், 8.8க்கும் 9.1க்கும் இடையில் நிற்கிறது. பதிவுகளை உடனுக்குடன் படிக்கும் ட்ரேஸ்_பைப்பில் மட்டும் சில இடங்களில் "லாஸ்ட் ஈவென்ட்ஸ்" வருகிறது.

பதில் 2:
படிப்பதைவிட எழுதுவது வேகம். பெர்_சிபியு அடைவில் அந்தந்த சிபியுவின் ஸ்டாட்ஸ் கோப்பில் ஓவர்ரன் எண்ணை (படிக்கும் முன்பே மேலெழுதப்பட்ட பதிவுகள்) பாருங்கள். பஃபர்_சைஸ்_கேபி ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியாக ஒதுக்கப்படுவது. 16384 கொடுத்தால் 8 கோரில் 128 மெகாபைட் போகும். அதற்கு முன் ட்ரேஸ்_பைப்பை டெர்மினலில் ஓடவிடுவதை நிறுத்திக் கோப்புக்குத் திருப்புங்கள், பாதி இழப்பு அங்கேயே தீரலாம்.