ஆயா ராத்திரி மூன்று மணிக்கு மீன் ஏலத்துக்குக் கிளம்புகிறது, கதவைப் பூட்டலாமா?

தேவனாம்பட்டினம்_பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறேன், வீடு கடலூர் தேவனாம்பட்டினம். என் ஆயாவைப் பற்றிக் கேட்க வேண்டும், அப்பாவைப் பெற்ற ஆயா. வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், சரியாக யாருக்கும் தெரியாது, ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள்.

கல்யாணம் ஆனதிலிருந்து முட்டி வலி வந்து உட்காரும் வரை ஆயா மீன்தான் விற்றது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து முதுநகர் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் வைத்துக்கொண்டு மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் தெருவெல்லாம் சுற்றி விற்றுவிட்டு வரும். என்னை வளர்த்ததே ஆயாதான், அம்மா திருப்பாப்புலியூரில் துணிக்கடை வேலைக்குப் போய்விடும். மறதி ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் சாப்பிட்டதை மறந்துவிட்டுத் திரும்பச் சோறு கேட்கும், அவ்வளவுதான். வயசானால் அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பொங்கலுக்கு அப்புறம்தான் இந்த மூன்று மணி ஆரம்பித்தது. லைட் கூடப் போடாது. இருட்டிலேயே துண்டைத் தடவி எடுத்து உதறி, முறுக்கி, வட்டமாகச் சுற்றி, முனையை உள்ளே செருகி, தலையில் கூடை வைக்கச் சும்மாடு கட்டிவிடும். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாத ஆயாவுக்கு அது மட்டும் ஒரு சுற்று பிசகாது. அப்புறம் என்னை உலுக்கும், "ஏய் எழுந்திருடி, ஏலம் விட்டுடுவானுங்க, காரப்பொடி மீனுதான் மிஞ்சும்." சில நாள் என்னை அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிடும். அது பரவாயில்லை, நான் அத்தையாகவே போய்விடுவேன்.

பிரச்சினை என்னவென்றால், அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, பாதி நாள் ராத்திரியில் வீட்டில் இருக்காது. வெளியே பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்கிறது. அம்மா சொல்வது வேறு. ஆயா கேட்பதற்கெல்லாம் பொய் சொல்லாதே, உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் ஞாபகம் வரும் என்கிறது. ஒரு நாள் அப்படித்தான் அம்மா, "நீ வியாபாரத்த விட்டு எவ்வளவு நாளாச்சு, மாமாவும் போய்ச் சேர்ந்தாச்சு" என்று சொல்லிவிட்டது. ஆயா தாத்தா செத்ததை அப்போதுதான் கேட்ட மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதது. விடிந்ததும் எதுக்கு அழுதோம் என்றே தெரியவில்லை, ஆனால் மத்தியானம் வரை முகம் தெளியவில்லை.

நான் என்ன செய்கிறேன் என்றால், "வாடை அடிக்குது ஆயா, கடல் சரியில்ல, யாரும் போகல" என்று சொல்வேன். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் படுத்துவிடும். மீன்பிடித் தடைக்காலம் என்று சொல்லிப் பார்த்தேன், "கடலுக்கு எவன்டி தடை போடறது" என்று என்னையே திட்டியது. நான் சொல்வது பொய்தானே, இதனால் ஆயாவுக்கு மறதி கூடுமா? பூட்டலாமா, வேண்டாமா? அம்மா அசந்து தூங்கும், ஆயா பக்கத்தில் படுப்பது நான்தான். வகுப்பில் தூங்கி வழிகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அரியாங்குப்பம்_அக்கா:

தங்கச்சி, நீ செய்வது சரிதான், அதனால் மறதி அதிகமாகாது. என் மாமியாருக்கு இதே வியாதி, கடைசி வரை நான்தான் பார்த்துக்கொண்டேன். உன் அம்மா நினைப்பது எல்லார் வீட்டிலும் நினைப்பதுதான், பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னால் பதிந்துவிடும் என்று. இந்த நோயில் புதிதாகப் பதிவதுதான் முதலில் அடிபடுகிறது. சொன்ன விஷயம் நிற்காது, சொன்னதால் வந்த துக்கம் மட்டும் நிற்கும். உன் ஆயா மத்தியானம் வரை முகம் தெளியாமல் இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதுதான்.

தடைக்காலம் எடுபடாததற்கும் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தத் தடை வந்ததே 2001இல்தான், முதலில் 45 நாள், 2017இலிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். உன் ஆயா மூன்று மணிக்கு எழுந்து போகும் காலம் அதற்கும் முந்தியது, அங்கே தடையெல்லாம் கிடையாது. வாடைக் காற்று எல்லாக் காலத்திலும் இருந்தது, அதனால் நம்புகிறது. நீ தானாகவே கண்டுபிடித்துவிட்டாய், எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது.

தாத்தா எங்கே என்று கேட்டால் செத்துப்போனார் என்றும் சொல்லாதே, இதோ வருவார் என்றும் சொல்லாதே, அப்புறம் வாசலிலேயே உட்கார்ந்துவிடும். "தாத்தாவுக்கு எந்த மீன் பிடிக்கும் ஆயா" என்று கேள். பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். பெரும்பாலும் கேள்விக்குப் பதில் வேண்டி அவர்கள் கேட்பதில்லை, அந்த ஆளைப் பற்றிப் பேச வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஆயாவுக்கு வேலை கொடு. பகலில் சும்மா உட்கார வைத்துத் தூங்கவிட்டால் ராத்திரி எப்படித் தூக்கம் வரும்? கால் கிலோ நெத்திலி வாங்கிக் கையில் கொடுத்துப் பாரேன்.

துறைமுகத்துக்காரன்:

அக்கா சொல்வதெல்லாம் சரி, ஆனால் பூட்டக் கூடாது என்று யாராவது சொல்ல வந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரி மூன்று மணி, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கெடிலம் ஆறு, தெருவெல்லாம் நாய். பொய்யா மெய்யா என்று யோசிப்பதற்குள் கிழவி பாலம் தாண்டிவிடும். வயசானவர்கள் நடை அந்த நேரத்தில் என்ன வேகம் என்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். மரியாதை எல்லாம் உயிர் இருந்தால்தான்.

பாப்பா, உங்கள் ஆயா போட்டோவை ஏலம் விடும் இடத்திலும், வாசலில் இருக்கும் டீக்கடையிலும், ஆட்டோ ஸ்டாண்டிலும் காட்டி அப்பா நம்பரைக் கொடுத்துவிடச் சொல். அங்கே பழைய ஆட்கள் பாதிப் பேருக்கு ஆயாவை அடையாளம் தெரிந்திருக்கும், தனியாக வந்தால் உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டு போன் போடுவார்கள். மாசி மகத்தன்று மட்டும் கையை விடாதே. சுற்றுப்பட்டு சாமியெல்லாம் உங்கள் ஊர்க் கடற்கரைக்குத்தான் தீர்த்தவாரிக்கு வருகிறது, அந்தக் கூட்டத்தில் நல்ல ஞாபகம் உள்ளவனே தொலைந்துபோவான்.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

வெளியிலிருந்து பூட்டிவிட்டு ஆயாவையும் ஒரு பிள்ளையையும் உள்ளே விடுவதை மட்டும் செய்யாதீர்கள். நெருப்பு பிடித்தால் யார் திறப்பது? உள்பக்கமாகவே இன்னொரு தாழ்ப்பாளை வழக்கமான இடத்தில் இல்லாமல் உச்சியிலோ அடியிலோ போட்டால் பெரும்பாலும் அவர்கள் கை அங்கே போகாது, மற்றவர்கள் உடனே திறக்கலாம். கதவில் ஒரு சலங்கையோ மணியோ கட்டுங்கள். ராத்திரி கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். ஆயா ஜாக்கெட்டின் உள்பக்கம் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்துவிடலாம், கையில் கட்டினால் சிலர் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

சரி, இதைவிட முக்கியமான விஷயத்தை யாரும் கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டினீர்களா? பேத்தி எழுதியதில் டாக்டர் என்ற பேச்சே இல்லை. "வயசானால் அப்படித்தான்" என்பது எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வாசகம். இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள், அப்படியென்றால் மீதித் தொண்ணூற்றுச் சொச்சம் பேருக்கு இல்லை என்றுதானே அர்த்தம்? மறதியோடு வருகிற எல்லோருக்கும் அல்சைமர் என்றும் நினைக்க வேண்டாம். பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் மெதுவாகக் கசிந்து தேங்கிய ரத்தம், இவையும் இதே மாதிரி காட்டும், கண்டுபிடித்தால் சரிசெய்ய வழி உண்டு. சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்குச் சின்னச் சின்னதாக ஸ்ட்ரோக் வந்து படிப்படியாக இறங்கும், அது வேறு வகை. அதனால் ரத்தப் பரிசோதனையும் தலைக்கு ஸ்கேனும் டாக்டர் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். முதலில் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, அங்கே தேவை என்றால் புதுச்சேரி ஜிப்மர் நரம்பியல் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

ஒரே ராத்திரியில் திடீரென்று குழப்பம் கூடினால், இல்லாத ஆள் இருப்பது போலப் பேசினால், காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்கு நீர்க்கடுப்பு, சிறுநீரில் கிருமி என்றால் காய்ச்சல் கூட இல்லாமல் புத்தி தடுமாறும். மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கும் சளி மாத்திரை, தூக்க மாத்திரையும் இதைச் செய்யும், ஆயா தூங்கட்டும் என்று யாரும் பாதி மாத்திரை கொடுத்துவிட வேண்டாம்.

காது அடைத்திருக்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்காத காதோடும் தெரியாத கண்ணோடும் இருட்டில் விழிப்பவருக்கு எது எந்தக் காலம் என்று எப்படித் தெரியும்? தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

லாஸ்பேட்டை_ராத்திரிப்பறவை:

நான் பிளஸ் டூ படிக்கும்போது என் தாத்தாவோடு இதே கதை. அதனால் பெரியவர்கள் எல்லாம் ஆயாவைப் பற்றியே எழுதும்போது எனக்கு உன் கடைசி வரிதான் கண்ணில் படுகிறது. வாரத்தில் எல்லா ராத்திரியும் நீயே முழிப்பது நடக்காத காரியம், நீ நல்லவளாக இருப்பதால் நடத்திக்கொண்டிருக்கிறாய். அப்பா வீட்டில் இருக்கும் ராத்திரி அப்பா ஆயா பக்கத்தில் படுக்கட்டும், லீவு நாளுக்கு முந்தின ராத்திரி அம்மா. சித்தப்பா, அத்தை என்று யாராவது இருந்தால் மாதத்தில் சில நாள் வந்து தங்கட்டும், போனில் "ஆயாவை நல்லா பாத்துக்கோ" என்று சொல்வதற்கு ஆள் பஞ்சமே இருக்காது. கிளாஸ் டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லிவிடு, தூங்கியதற்குத் திட்டுவதாவது குறையும்.

யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, டெலிமனஸ் என்ற மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உன் அப்பாவை 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசச் சொல், எங்கே காட்டுவது, என்ன வசதி இருக்கிறது என்று கேட்கலாம்.

அப்புறம் ஒரு விஷயம், தேவனாம்பட்டினம் என்பதால் சொல்கிறேன். டிசம்பர் 26 வந்தால் டிவியில் நாள் பூராவும் சுனாமிக் காட்சிதான். என் தாத்தா டிவியில் ஓடுவது பக்கத்துத் தெருவில் நடக்கிறது என்றே நினைப்பார். அன்றைக்கு டிவியை அணைத்து வைத்துவிடுங்கள்.

தேவனாம்பட்டினம்_பேத்தி:

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் அம்மா எழுதியதை அப்படியே அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சத்தமே இல்லை. அப்பா உள்பக்கம் அடியில் தாழ்ப்பாள் போட்டுவிட்டது, சலங்கை என் பழைய டான்ஸ் சலங்கையையே கட்டியாச்சு. ரொம்ப நாளாக ஆயா தூக்கத்துக்கு அம்மா ஏதோ மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது எனக்கே இப்போதுதான் தெரியும்.

நெத்திலி வாங்கிக் கொடுத்தேன் அக்கா. ஆயா முதலில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இது நேத்து மீன், எவன்கிட்ட ஏமாந்த" என்று கேட்டது. அப்புறம் கட்டைவிரல் நகத்தாலேயே தலையைக் கிள்ளிக் குடலோடு உருவி எடுத்துப் போட்டுக்கொண்டே போனது, கத்தியும் கேட்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்ததும் தட்டில் கூறு கட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு கூறும் ஒரே அளவு. கடைசிக் கூறில் மட்டும் இரண்டு மீன் கூட வைத்து என் பக்கம் தள்ளிவிட்டது. அன்றைக்கு ராத்திரி மூன்று மணிக்கு எழுந்தது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் சீக்கிரம் படுத்துவிட்டது.

வரும் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அப்பா லீவு போட்டிருக்கிறது. என்னவெல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும்? நானும் போகலாமா, இல்லை பெரியவர்கள் மட்டும்தானா?

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

நீ கட்டாயம் போ, ராத்திரி நடப்பது உனக்குத்தான் தெரியும். அந்தத் தூக்க மாத்திரை அட்டையோடு ஆயா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள். எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள் என்று அம்மாவையே டாக்டரிடம் சொல்லச் சொல், அதுவரை தாங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், சில மாத்திரையை அப்படி நிறுத்தினால் வேறு தொல்லை வரும். மறதி எப்போது ஆரம்பித்தது, எப்படி மாறியது, எப்போதாவது கீழே விழுந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள். ஆதார், பழைய ரிப்போர்ட், கண்ணாடி. ஆயா முன்னாலேயே "இது எதையும் ஞாபகம் வெச்சுக்காது டாக்டர்" என்று அப்பா ஆரம்பித்தால் காலை மிதி, ஆயாவைக் கேட்க வேண்டியதை டாக்டர் ஆயாவிடமே கேட்பார். வரிசை நீளமாக இருக்கும், சாப்பாடும் தண்ணீரும் கொண்டு போங்கள். துண்டையும் எடுத்துக்கொள், உட்கார்ந்த இடத்தில் சும்மாடு கட்டிக்கொண்டிருந்தால் எழுந்து போகாது.