வேறு நாட்டு வேரியன்ட் போன் வாங்கலாமா? உள்ளே என்னதான் மாறுகிறது?

கொன்றைப்பூ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புது போன் வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. மாடலைக்கூட ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஒரே பெயரில் நாட்டுக்கு ஒரு விதமாக விற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு குழப்பம்தான் மிச்சம். ஒரு நாட்டில் பேட்டரி பெரியது, இன்னொன்றில் சிம் போடும் இடமே கிடையாது, வேறொன்றில் சிப்பே வேறு. வெளிநாட்டில் இருக்கும் என் அக்கா அடுத்த மாதம் வருகிறார். அங்கே வாங்கி வரச் சொன்னால் விலை கணிசமாகக் குறைகிறது, அதுதான் ஆசை காட்டுகிறது.

நான் போனில் கேம் ஆடுவதில்லை. பேச வேண்டும், வங்கி ஆப் ஓட வேண்டும், படம் நன்றாக வர வேண்டும், நாலைந்து வருடமாவது தாங்க வேண்டும். நெட்வொர்க் ஒழுங்காக எடுக்குமா, அப்டேட் வருமா, ரிப்பேர் என்றால் யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் சரியாகப் புரியவில்லை. "குளோபல் வெர்ஷன்" என்று ஆன்லைனில் போட்டிருப்பதை நம்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அலைவரிசை எழுதியது:

முதலில் போனின் பெயரை மறந்துவிட்டு மாடல் எண்ணைப் பிடியுங்கள். பெட்டியின் பின்பக்கத்திலும் செட்டிங்சில் "அபௌட் போன்" பகுதியிலும் இருக்கும். பெயர் விளம்பரத்துக்காக வைப்பது, ஒரே பெயருக்குள் நாலைந்து மாடல் எண்கள் ஒளிந்திருக்கும், உள்ளே இருக்கும் ஆண்டெனாவும் மோடமும் எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டவை என்பதை அந்த எண்தான் சொல்லும். பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ரெட்மி நோட் 10 ப்ரோ (2021) நல்ல உதாரணம். சீனாவில் அந்தப் பெயரில் வந்தது டைமென்சிட்டி 1100 சிப், 5ஜி, எல்சிடி திரை. மற்ற நாடுகளில் வந்தது ஸ்னாப்டிராகன் 732ஜி, வெறும் 4ஜி, அமோலெட் திரை. இரண்டும் வேறு வேறு போன்கள், பெயர் மட்டும்தான் பொது. தலைகீழாகவும் நடக்கும்: சீனாவில் ரெட்மி நோட் 12 டர்போ என்று விற்றதைத்தான் வெளியே போக்கோ எஃப்5 என்று விற்றார்கள்.

அடுத்தது பேண்ட், அதாவது நெட்வொர்க் ஓடும் அலைவரிசைப் பிரிவு. உங்கள் நெட்வொர்க் நிறுவனம் எந்தெந்த 4ஜி, 5ஜி பேண்டில் ஓடுகிறது என்று எழுதிக்கொண்டு, அந்த மாடல் எண்ணுக்கான அதிகாரப்பூர்வப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எல்லாமே இருந்தாக வேண்டும் என்பதில்லை, ஆனால் குறைந்த அதிர்வெண் பேண்ட் (700, 800, 900 மெகாஹெர்ட்ஸ்) ஒன்று விடுபட்டிருந்தால் அந்தப் போனை விட்டுவிடுங்கள். சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வருவதும், டவருக்குத் தொலைவில் எடுப்பதும் அந்த பேண்ட்தான். சீனச் சந்தைக்கான பழைய போன்கள் பலவற்றில் 800 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 20 இருக்காது. ஐரோப்பாவில் அவற்றை வாங்கியவர்களுக்கு நகரத்துக்குள் எல்லாம் சரியாகத் தெரியும், ஊருக்கு வெளியே போனதும் சிக்னல் காணாமல் போகும். வாங்கி ஒரு வாரம் சோதித்துவிட்டு "நன்றாக எடுக்கிறது" என்று சொல்பவர்களை முழுதாக நம்ப முடியாதது இதனால்தான், அவர்கள் டவருக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கலாம்.

அமெரிக்க மாடல்களில் எம்எம்வேவ் 5ஜி (மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஓடுவது) இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் இடத்தில் அந்த அலைவரிசையே ஓடவில்லை என்றால் அந்த ஆண்டெனாவால் ஒரு பயனும் இல்லை.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே அழைப்பை எடுக்கும் வசதி. பேண்ட் எல்லாம் சரியாக இருந்தும், உங்கள் நெட்வொர்க்குக்கான அமைப்பு அந்த நாட்டு சாஃப்ட்வேரில் இல்லாவிட்டால் நெட் வரும், அழைப்பு வராது. முன்பு போன் தானாக 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கி அழைப்பை எடுத்துக்கொள்ளும், இப்போது பல நாடுகளில் அவற்றை மூடிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் பெரிய நிறுவனங்கள் 3ஜியை மூடியபோது, அவசர அழைப்பை 4ஜியில் எடுக்க முடியாத போன்களை நெட்வொர்க்கே தடுக்க வேண்டும் என்று விதி வந்தது. சாதாரண அழைப்புக்கு வோல்ட்இ வேலை செய்தும், அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியைத் தேடும் போன்கள் இருந்தன, அவற்றில் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தவையும் உண்டு. ஆபத்து நேரத்தில் எடுக்காத போன் எவ்வளவு மலிவாகக் கிடைத்து என்ன?

சோல்டரிங்_மேசை எழுதியது:

நான் போன் சர்வீஸ் வேலையில் இருப்பவன், அதனால் "குளோபல் வெர்ஷன்" கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

குளோபல் வெர்ஷனும் குளோபல் ரோமும் ஒன்றல்ல (ரோம் என்றால் போனில் ஏற்றியிருக்கும் இயங்குதள சாஃப்ட்வேர்). முதலாவது, நிறுவனமே வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்தது. இரண்டாவது, சீனப் போனை இடையில் ஒருவர் பிரித்து, பூட்லோடரை (ஆன் ஆகும்போது எந்த சாஃப்ட்வேர் ஓடலாம் என்று காவல் பார்க்கும் பகுதி) திறந்து, வேறு சாஃப்ட்வேரை ஏற்றி, மறுபடி பிளாஸ்டிக் சுற்றி விற்பது. மேசைக்கு வரும்போது நான் பார்ப்பது இவைதான்: போனை ஆன் செய்யும்போது லோகோவோடு திறந்த பூட்டுப் படம் ஒன்று சிறியதாகத் தெரியும். அது தெரிந்தாலே பூட்லோடர் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஷாவ்மி என்றால் வெர்ஷன் எண்ணின் கடைசியில் உள்ள ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள், அதில் சிஎன் இருந்தால் சீனா, எம்ஐ என்றால் குளோபல், இயூ என்றால் ஐரோப்பா, ஐஎன் என்றால் இந்தியா. பெட்டியில் சீன எழுத்தும் போனுக்குள் எம்ஐ வெர்ஷனும் இருந்தால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

கை வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். திறந்த பூட்லோடரைக் கூகுளின் சோதனை கண்டுபிடித்துவிடும், பல வங்கி ஆப்கள் திறக்கவே மறுக்கும். வீடியோ ஆப்களில் பாதுகாப்பு நிலை கீழே இறங்கிவிடுவதால் எச்டி வராது. அப்டேட் வராது, அல்லது வந்து நிறுவியதும் போன் இயங்காமல் நின்றுவிடும். இதைச் சரிசெய்கிறேன் என்று சீன ஹார்ட்வேரில் குளோபல் ரோமை வைத்துக்கொண்டே பூட்லோடரைப் பூட்டினால், "இந்த வெர்ஷனை இந்தக் கருவியில் நிறுவ முடியாது" என்று ரெக்கவரி திரையிலேயே நின்றுவிடும். ஷாவ்மியின் இயங்குதளமான ஹைப்பர்ஓஎஸ் வந்த பிறகு சீன மாடல்களில் பூட்லோடரைத் திறக்கும் விதிகளை ஷாவ்மி வெகுவாக இறுக்கிவிட்டது, அதனால் மறுபடி திறந்து மீட்பதும் சுலபமில்லை. போன வாரம்கூட ஒரு பெண்மணி இப்படி நின்றுபோன போனைக் கொண்டுவந்தார், உள்ளே குழந்தையின் படங்கள், பேக்கப் கிடையாது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதில் பேசப்படாத இன்னொன்று, அந்த ரோமில் யார் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதில் போய் வங்கிக் கடவுச்சொல்லை அடிப்பது சரியில்லை.

பனித்துளி எழுதியது:

ஐபோன் பக்கம் யோசித்தால் சொல்கிறேன். அங்கே சாஃப்ட்வேர் அப்டேட் எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் வரும், ரோம் தொல்லை கிடையாது. வித்தியாசம் சிம்மில்தான் அதிகம். ஐபோன் 14 (2022) முதல் அமெரிக்க மாடலில் சிம் தட்டே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். 17 வரிசையில் ஜப்பான், கனடா, வளைகுடா நாடுகள் சிலவும் அந்தப் பக்கம் போய்விட்டன. ஹாங்காங்கில் இரண்டு நானோ சிம் போடும் மாடல்கள் கிடைக்கும், அதைத் தேடிப் போய் வாங்குபவர்கள் உண்டு. ஆனால் சீனா, ஹாங்காங், மக்காவ் ஆகிய இடங்களில் வாங்கியவற்றில் சாட்டிலைட் வழி அவசர உதவி வேலை செய்யாது. மலையேறப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஜப்பான், கொரியா மாடல்களில் படம் எடுக்கும்போது ஷட்டர் சத்தத்தை அணைக்க முடியாமல் போகலாம். தெரியாமல் படம் எடுப்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு, நோக்கம் நல்லதுதான், ஆனால் தூங்கும் குழந்தையைப் படம் எடுக்க நினைப்பவருக்குத் தினமும் எரிச்சல்.

எந்த நாட்டுப் போன் என்று அறிய, அபௌட் பகுதியில் உள்ள மாடல் எண்ணில் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். எல்எல் அமெரிக்கா, ஜே ஜப்பான், எச்என் இந்தியா, கேஎச் கொரியா, சிஎச் சீனா. வாரண்டி விஷயத்தில், ஐபோனுக்கான சேவையை விற்ற நாட்டுக்குள் மட்டும் என்று கட்டுப்படுத்தும் உரிமையை ஆப்பிள் தன் விதிகளில் வைத்திருக்கிறது. உலகம் முழுக்க வாரண்டி உண்டு என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

நடுக்கடல் எழுதியது:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள், எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. சில நேரம் வேறு நாட்டு வேரியன்ட் உண்மையிலேயே நல்ல போன். ஷாவ்மி 15 அல்ட்ராவின் பேட்டரி சீனாவில் 6000 எம்ஏஎச், வெளியே 5410. ஹானர் மேஜிக் 7 ப்ரோ சீனாவில் 5850, ஐரோப்பாவில் 5270. கஞ்சத்தனத்தால் குறைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு செல்லின் ஆற்றல் 20 வாட்-ஹவரைத் தாண்டினால் சர்வதேசப் போக்குவரத்தில் அது அபாயகரமான சரக்குக்கான முழு விதிகளுக்குள் போய்விடும், அனுப்பும் செலவு ஏறும். அதனால்தான் வெளிநாட்டு மாடல்கள் அந்த எல்லையை ஒட்டியே நிற்கின்றன. ஒன்பிளஸ் 13 போலப் பேட்டரியை இரண்டு செல்லாகப் பிரித்துவிட்டால் வெளியேயும் 6000 கொடுக்க முடிகிறது.

சிப் விஷயமும் அப்படியே. சாம்சங் எஸ்20 (2020) அமெரிக்காவிலும் கொரியாவிலும் ஸ்னாப்டிராகன் 865, ஐரோப்பாவில் சாம்சங்கின் சொந்த சிப்பான எக்சினோஸ் 990. அதே பெயர், ஆனால் எக்சினோஸ் சீக்கிரம் சூடாகிறது, பேட்டரி குடிக்கிறது என்று எத்தனை புகார்! எஸ்23இல் உலகம் முழுக்க ஸ்னாப்டிராகன், எஸ்24இல் அல்ட்ராவைத் தவிர மற்ற இரண்டில் பல நாடுகளுக்கு மீண்டும் எக்சினோஸ், எஸ்25இல் மறுபடி எல்லாம் ஸ்னாப்டிராகன். அன்றாடம் பேசவும் படம் எடுக்கவும் எஸ்24இல் உள்ள எக்சினோஸ் 2400 தாராளமாகப் போதும், அதற்காக மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில் அர்த்தமில்லை. 990 காலத்தில் கேட்டிருந்தால் வரவழையுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சாம்சங் வாங்கினால் ஒன்று, பெட்டியில் பிராந்திய லாக் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விற்ற பிராந்தியத்தின் சிம்மைப் போட்டு மொத்தம் ஐந்து நிமிடமாவது பேசினால்தான் வெளிநாட்டு சிம் எடுக்கும். அக்கா கிளம்புவதற்கு முன்பே அங்கேயே பேசி முடித்துவிடட்டும். அப்புறம் சிஎஸ்சி என்று, போன் எந்த நாட்டு அமைப்பில் ஓடுகிறது என்பதைச் சொல்லும் ஒரு குறியீடு உண்டு, சாஃப்ட்வேர் விவரத்தில் மூன்று மூன்று எழுத்தாகச் சாய்கோடு போட்டு இருக்கும். அழைப்பைப் பதிவு செய்யும் வசதி இருக்குமா என்பது வரை அதைப் பொறுத்துத்தான்.

கொன்றைப்பூ எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. நான் பார்த்து வைத்தது ஷாவ்மி 15, சீன வேரியன்ட். கடைக்காரர் குளோபல் ரோம் போட்டே தருகிறேன் என்றாராம். அது வேண்டாம் என்று இப்போது புரிகிறது. ரோமை மாற்றாமல் சீன சாஃப்ட்வேரோடு அப்படியே வைத்துக்கொண்டால்?

சோல்டரிங்_மேசை எழுதியது:

அப்படியே வைத்துக்கொண்டால் பாதுகாப்பானது, அப்டேட்டும் ஒழுங்காக வரும். கூகுள் சேவைகளை செட்டிங்சில் ஆன் செய்ய வேண்டும், பிளே ஸ்டோரைத் தனியாக நிறுவ வேண்டும். மெனுவில் தமிழ் கிடைக்காது, ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம், தமிழ் கீபோர்டு பிரச்சினை இல்லை. தினசரி தொல்லை நோட்டிஃபிகேஷன்தான். பின்னணியில் ஓடும் ஆப்களை சீன ரோம் கறாராக நிறுத்தும், ஒவ்வொரு ஆப்புக்கும் ஆட்டோ ஸ்டார்ட் அனுமதியும் பேட்டரி விலக்கும் கொடுக்காவிட்டால் போனைத் திறக்கும்போதுதான் மெசேஜ் எல்லாம் மொத்தமாக வந்து கொட்டும். வங்கி ஓடிபி எஸ்எம்எஸ்சில் வருவதால் அது தப்பிக்கும், ஆப்புக்குள் வரும் ஒப்புதல் தாமதமாகும். இதையெல்லாம் ஒரு தடவை உட்கார்ந்து செய்யத் தயார் என்றால் ஓட்டலாம்.

திரை உடைந்தால் உதிரிப் பாகம் பொதுவாகப் பொருந்தும். பேட்டரி மட்டும் சீன மாடலுக்கு வேறு, 5400 எம்ஏஎச், வெளியே விற்பது 5240. நாலைந்து வருடம் ஓட்ட நினைக்கிறீர்கள், அதற்குள் ஒரு தடவை பேட்டரி மாற்ற வேண்டி வரும், உங்கள் ஊர் சர்வீஸ் சென்டர் அந்தப் பாகத்தைத் தருவிக்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். வித்தியாசம் 160 எம்ஏஎச்தான், இதற்காக இவ்வளவு சிரமம் தேவையா என்று நான் யோசிப்பேன்.

அலைவரிசை எழுதியது:

நானும் அதையேதான் சொல்வேன். நீங்கள் கேட்ட தேவைகளில் பேச்சு, வங்கி, நீண்ட ஆயுள், இவை மூன்றும் சீன வேரியன்ட் தடுமாறும் இடங்கள். 15 அல்ட்ரா போலப் பெரிய பேட்டரி வித்தியாசம் இருந்தால் பேச்சு வேறு.

அக்கா இருக்கும் நாட்டில் நிறுவனமே விற்கும் குளோபல் மாடல் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால், வாங்கும் முன் அவரிடம் பெட்டியில் உள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நான் பேண்ட் பட்டியலை ஒப்பிட்டுச் சொல்கிறேன். உங்கள் நெட்வொர்க் வாடிக்கையாளர் சேவையை அழைத்து அந்த எண்ணுக்கு வோல்ட்இ அனுமதி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். தவணையில் விற்ற போனாக இருந்தால் அங்குள்ள நெட்வொர்க்கோடு லாக் ஆகியிருக்கும், லாக் இல்லாதது என்று பில்லில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். அப்புறம் *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று கடையிலேயே பார்க்கட்டும். துருக்கி போன்ற சில நாடுகளில் வெளியிலிருந்து வரும் போனை அந்த எண்ணை வைத்துப் பதிவு செய்யாவிட்டால் 120 நாளில் நெட்வொர்க்கைத் துண்டித்துவிடுவார்கள், உங்கள் நாட்டில் அப்படி விதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பதிவுக் கட்டணத்தையும் சேர்த்தால் மிச்சமாகும் என்று நினைத்த தொகை கரைந்துபோகலாம்.

கொன்றைப்பூ எழுதியது:

சரி, அக்காவிடம் குளோபல் மாடல் பார்க்கச் சொல்லிவிட்டேன். மாடல் எண் படம் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.