மிளகாய்க் கொழுந்து சுருள்கிறது, பிடுங்கிவிடவா?

மாடிவாசி (மதுரை): பங்குனி பிறந்ததிலிருந்து தொட்டியில் இருக்கிற மிளகாய்ச் செடி எல்லாமே கொழுந்து ஒடுங்கிச் சுருள்கிறது, பூவும் உதிர்கிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. உரக்கடையில் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து கொடுத்தார்கள், அடித்தும் குறையவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வைரஸ் என்கிறார். பிடுங்கிவிடவா?

பச்சைவிரல்: மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டிப் பாருங்க. எனக்குக் கேட்டது.

முதுகுளத்தூர்க்காரி: அவசரப்படாதீங்க தம்பி. குண்டு மிளகாய் போடுகிற வீட்டில் பிறந்தவள் சொல்கிறேன், முதலில் இலை எந்தப் பக்கம் மடிகிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி நின்றால் இலைப்பேன். பூவுக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் சின்னக் கீறலாக விழுந்து ஓடும். அதற்கு நீல அட்டைதான் நல்லது.

கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, இலையின் அடிப்பக்கம் பழுப்பாக மினுங்கினால் மஞ்சள் சிலந்திப்பேன். அளவு 0.2 மில்லிமீட்டர், வெறுங்கண்ணுக்கு எங்கே தெரியும்? பத்து மடங்கு லென்ஸ் வைத்துக் கொழுந்தின் அடியில் தேடுங்கள். இறக்கை கிடையாது, ஆனால் வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடும். மஞ்சள் அட்டை அந்த ஈயைக் குறைக்கும், அந்த அளவுக்குப் பச்சைவிரல் சொன்னதும் சரி.

மாடிவாசி: கீழ்நோக்கித்தான் அம்மா. காம்பும் நீளம்.

முதுகுளத்தூர்க்காரி: அப்போ கடைக்காரர் கொடுத்தது வீண். சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால் ஜாதி. இமிடாகுளோப்ரிட் அதைக் கொல்லாது, அதைத் தின்கிற நல்ல பூச்சிகளுக்குத்தான் ஆபத்து.

சுருண்ட நுனியை எல்லாம் கிள்ளி, கவரில் கட்டி வெளியே போடுங்கள். தொட்டியிலேயே உதிர்த்து விடாதீர்கள். அப்புறம் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். முட்டை தப்பிவிடும், அதனால் வாரம் ஒரு தடவையாக மூன்று வாரம். நனையும் கந்தகத் தூள் இதைவிட நன்றாகக் கேட்கும், ஆனால் 32 டிகிரி தாண்டினால் இலை கருகும். மதுரைப் பங்குனிக்கு அது ஆகாது. எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது.

சுருண்ட பழைய இலை நிமிராது, அதைப் பார்த்து மனசு விடாதீர்கள். புதுத் துளிர் நேராக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். துளிரும் மஞ்சளாகச் சுருண்டே வந்தால் அண்ணன் சொன்ன வைரஸாக இருக்கலாம், அப்போது பிடுங்குங்கள்.

மாடிவாசி: சரிம்மா. பக்கத்தில் மல்லிகையில் மெல்லிய நூலாம்படை கட்டி, இலையில் வெள்ளைப் புள்ளி. அதுவும் இதேதானா?

முதுகுளத்தூர்க்காரி: அது செஞ்சிலந்தி, வேறு. காய்ந்த வெயிலில்தான் பெருகும். அதற்கு மருந்தே வேண்டாம், குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி இலையின் அடியைக் கழுவுங்கள், இரண்டு நாளுக்கு ஒரு தடவை. மிளகாய்த் தொட்டியை மட்டும் அங்கிருந்து நகர்த்திவிட்டுச் செய்யுங்கள்.