ஐநாவோட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை நம்ம ஊருக்கு எப்ப வரும்? உங்களுக்கு நடந்ததை எழுதுங்க

ஒத்தக்கடை மூணுசக்கரம்:
போன மாசம் நடந்தது, மனசை விட்டுப் போக மாட்டேங்குது, அதான் எழுதுறேன். ஒரு ஆபீஸ்ல சாய்தளம் கட்டுறது சம்பந்தமா கூட்டம், சங்கத்துலருந்து ரெண்டு பேரை வரச் சொல்லிருந்தாய்ங்க. எனக்கு ரெண்டு கால்லயும் போலியோ, காலிப்பர் போட்டாத்தான் நிப்பேன். போய்ப் பாத்தா கூட்டம் மாடியில, லிப்ட் கிடையாது. கூட வந்தவருக்குக் காது கேக்காது, அவர் மட்டும் ஏறிப் போனார், மேல சைகை மொழி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இல்லையாம். நான் கீழ வண்டியிலயே உக்காந்திருந்தேன். முக்கா மணி நேரம் கழிச்சு ஒரு தம்பி வருகைப் பதிவேட்டைத் தூக்கிட்டு படியிறங்கி வந்தான். "அண்ணே, இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க"ன்னு பேனா மூடியைக் கழட்டி நீட்டுறான். வெயில்ல அவனுக்கும் வேர்த்து ஊத்துது, அவன் மேல எப்படிக் கோவப்பட. போட்டுட்டேன்.

அந்த ஐநா உடன்படிக்கையை உருவாக்க 2002லருந்து 2006 வரைக்கும் நியூயார்க்ல எட்டு அமர்வு நடந்துச்சு, 2004 ஜனவரியில வரைவு எழுதின குழுவுல மொத்தம் 40 இடம், அதுல 12 நம்ம மாதிரி அமைப்புகளுக்கு, நாடுகளோட பிரதிநிதிங்க உக்காந்த அதே மேசையில. சக்கர நாற்காலியில வந்தவங்க, பாக்க முடியாதவங்க, கேக்க முடியாதவங்க எல்லாரும் சேந்து "எங்களை விட்டுட்டு எங்களைப் பத்தி எதுவும் முடிவு பண்ணாதீங்க"ன்னு நின்னு வாங்கினது அது. எங்களைப் பாதிக்கிற எதுவா இருந்தாலும் எங்க அமைப்புகளைக் கலந்து பேசணும்னு 4ஆம் பிரிவுலயே இருக்கு. இங்க கலந்து பேசினதுக்கு அத்தாட்சி என் கையெழுத்து. அதை நினைச்சாத்தான் ஆறமாட்டேங்குது.

பிரெயில் விரல், அண்ணா நகர்:
அண்ணே, உங்களையாவது கூப்பிட்டாய்ங்க. எனக்கு முழுசா பார்வை இல்ல, டியூஷன் எடுக்குறேன், என் சம்பாத்தியம். ஒரு பேங்க்ல ஏடிஎம் கார்டு கேட்டுப் போனேன். துணைக்கு அக்கா மகன் வந்திருந்தான், பத்தாவது படிக்கிறவன். மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்ல, "தம்பி, மாமாவுக்கு என்ன வேணுமாம்?"னு அவன்கிட்ட கேக்குறார். குரல் எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? பார்வை உள்ள யாரையாவது சேத்து ஜாயின்ட் அக்கவுண்டா மாத்திக்கங்கன்னு அந்தப் பையன்கிட்டயே சொல்லி அனுப்பிட்டார்.

உடன்படிக்கையோட 12ஆம் பிரிவு இதுக்காகத்தானே. சொத்து, பணம், பேங்க் கடன் எல்லாத்துலயும் சம உரிமைன்னு அதுல இருக்கு. 2006 ஆகஸ்ட்ல வரைவு முடியுற நேரத்துல அந்தப் பிரிவுக்கு ஒரு அடிக்குறிப்பு போட்டாங்க, அரபி, சீனம், ரஷ்ய மொழியில 'சட்டத் தகுதி'ங்கிற சொல்லுக்கு உரிமை இருக்குங்கிற அர்த்தம் மட்டும்தான், அதை நாமளே பயன்படுத்தி முடிவெடுக்கிறது வராதுன்னு. நம்ம அமைப்புகள் விடாம எதிர்த்து, டிசம்பர் 13ல பொதுச்சபை நிறைவேத்துறதுக்கு முன்னாடி அந்தக் குறிப்பு போயிருச்சு. ஒரு அடிக்குறிப்புக்கே அவ்வளவு பாடு.

திருமங்கலம் அம்மா:
நீங்க ரெண்டு பேரும் வாயால கேக்கத் தெரிஞ்சவங்க தம்பி. என் மகனுக்கு 22 வயசு, அறிவுசார் குறைபாடு. 12ஆம் பிரிவு நல்லதுதான், ஆனா அவனால பேங்க்ல போய் தனியா நிக்க முடியாதே, எனக்கப்புறம் யார் பாப்பா? அதுக்காகத்தான் சட்டப்படி கார்டியன் சர்டிபிகேட்டுக்கு அலைஞ்சேன். விசாரணையில ஒருத்தர் அவன் முன்னாடியே "இவனுக்கு ஏதாச்சும் வெளங்குமா?"ன்னு கேட்டார். நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அவன் எழுந்து நின்னு அவன் பேர், எங்க வீட்டு கதவு நம்பர், தெருப் பேர் எல்லாம் சொன்னான். திக்கித் திக்கி, ஆனா சரியாச் சொன்னான். அவர் பேனாவைக் கையில வச்சுக்கிட்டே இருந்தார், ஒரு எழுத்துகூட எழுதல. எழுதுங்கன்னு நானும் சொல்லல.

மேலூர்க்காரன்:
எனக்கும் இடுப்புக்குக் கீழ வராது, ஒரு கல்யாண மண்டபத்துல நாலு பேர் நாற்காலியோட தூக்கினாய்ங்க, வேட்டி அவிழ்ந்துருச்சு, அன்னையிலருந்து எந்த விசேஷத்துக்கும் போறதில்ல. அது கிடக்கட்டும்.

ஒத்தக்கடை அண்ணே, கையெழுத்துப் போட்டது போட்டதாவே இருக்கட்டும், உடனே ஒரு மனு எழுதுங்க, "நான் கீழ் தளத்திலேயே இருந்தேன், கூட்டத்தில் என் கருத்து கேட்கப்படவில்லை"ன்னு தேதி போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுத்து ரசீது வாங்குங்க. ரசீது இல்லாம வராதீங்க. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா ஸ்டாம்ப் ஒட்டி அந்தக் கூட்டத்தோட நடவடிக்கைக் குறிப்பைக் கேளுங்க, 30 நாள்ல பதில் தரணும். சாய்தளம் கட்ட ஆரம்பிச்சா டேப்பு கொண்டு போங்க, ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம், அதுக்குக் குறைஞ்சா வண்டி பின்னாடி உருளும், நம்ம ஊர்ல பாதி சாய்தளம் மோட்டார் பைக் ஏத்தத்தான் ஆகும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த உடன்படிக்கையை நிறைவேத்துறதுக்குன்னே வந்தது, 7 வகை ஊனம்னு இருந்ததை 21 ஆக்குனாங்க. அதுல ஏற்கெனவே இருக்குற பொதுக் கட்டடத்தையெல்லாம் விதிகள் வந்ததுலருந்து அஞ்சு வருஷத்துல சரி பண்ணணும்னு இருக்கு, விதி வந்தது 2017 ஜூன்ல, கணக்குப் போட்டுக்கங்க. 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றமும் அணுகல் விதிகளைக் கட்டாயமாக்கணும்னு சொல்லிருச்சு, அதையும் மனுவுல சேருங்க. பதில் இல்லைன்னா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்க. நான் எழுதித் தரவா?

பிரெயில் விரல், அண்ணா நகர்:
அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கூட நின்னு உதவுறது வேற, அவனுக்குப் பதிலா முடிவெடுக்கிறது வேற. 12ஆம் பிரிவு கேக்குறது முதல்ல சொன்னது. ராபர்ட் மார்ட்டின்னு நியூசிலாந்துக்காரர், அறிவுசார் குறைபாடு உள்ளவர், சின்ன வயசை விடுதிகள்லயே கழிச்சவர். 2016ல இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கிற ஐநா குழுவுக்கே அவரைத் தேர்ந்தெடுத்தாங்க. அவருக்கு எளிமையா எழுதிக் குடுக்க, விளக்கிச் சொல்ல ஆள் இருந்துச்சு, முடிவு அவரோடதா இருந்துச்சு. 2024ல இறந்துட்டார். உங்க மகன் எந்திரிச்சு நின்னு சொன்னானே, அது வேற என்னம்மா?

ஒத்தக்கடை மூணுசக்கரம்:
மேலூரண்ணே, மனுவை நானே எழுதிட்டேன். டேப்புதான், ஒரு முனையைப் புடிக்க ஆள் வேணும். சனிக்கிழமை வாங்க, எங்க வீட்டுல படி கிடையாது.

திருமங்கலம் அம்மா:
தம்பி, நீங்க எழுதினதை அவனுக்கு வாசிச்சுக் காட்டினேன். முழுசாப் புரிஞ்சுச்சான்னு சொல்லத் தெரியல. அந்த சர்டிபிகேட்டை பீரோவுலருந்து எடுக்கச் சொல்லி, அவன் பேர் இருக்குற எடத்துல விரலை வச்சு, கதவு நம்பரை இன்னொரு தடவை சொன்னான். இந்தத் தடவை நான் எழுதி வச்சுக்கிட்டேன்.