கழிவுநீருக்கு நாணல் படுகை: புவி வெப்பத்தைக் குறைக்குமா, கூட்டுமா?

ஆற்றங்கரையான்:
ஓமானின் நிம்ர் எண்ணெய் வயலைப் பாருங்கள். கச்சா எண்ணெயோடு வெளிவரும் கழிவுநீரை முன்பு மின்சாரத்தைக் கொட்டி ஆழ்கிணறுகளுக்குள் அழுத்தினார்கள். இப்போது நாளுக்கு ஒரு லட்சம் கன மீட்டருக்கும் மேலான நீர் நாணல் படுகைகளின், அதாவது நாணல் நட்ட ஆழமற்ற பாத்திகளின், வழியே சரிவிலேயே ஓடித் தெளிகிறது. நம் நகராட்சிகள் மட்டும் சாக்கடை நீரைச் சுத்திகரிக்க ஏன் இரவும் பகலும் காற்றூதும் இயந்திரங்களை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

செங்கோரை:
அங்கே மிச்சமாகும் மின்சாரம் எண்ணெய் எடுப்பதைத்தான் மலிவாக்குகிறது. அதைக் காலநிலைக்குச் செய்த நன்மையாக நான் ஏற்க மாட்டேன். சாக்கடைக்கு வருவோம். காற்று எட்டாத சேற்றில் மீத்தேன் உருவாகும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். நாணலின் துளையுள்ள தண்டு வழியாகவே அந்த வாயு மேலே வந்துவிடுகிறது.

ஆற்றங்கரையான்:
எல்லாப் படுகையும் ஒன்றல்ல. உருவாகக்கூடிய மீத்தேனில் எவ்வளவு பங்கு உண்மையில் உருவாகும் என்பதற்கு ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2013-இல் இப்படிக் கட்டப்படும் ஈரநிலங்களுக்கென்று காரணிகள் வெளியிட்டது. திறந்த நீர்ப்பரப்புக்கு 0.4. நாணல் நட்ட ஜல்லிக்குள் கிடைமட்டமாக ஓடினால் 0.1. மேலிருந்து கீழே வடிந்தால் 0.01 மட்டுமே! நீரை விட்டு விட்டுப் பாய்ச்சுவதால் இடைவேளையில் ஜல்லிக்குள் காற்று புகுந்துவிடுகிறது. வெயிலில் தேங்கி நாறும் திறந்த சாக்கடைக்கு அதே அமைப்பின் 2006 வழிகாட்டி தரும் காரணி 0.5. இன்று நம் ஊர்களில் ஓடுவது அதுதானே?

மேட்டுத்தெரு:
படுகைக்கு முன்னால் இருக்கும் செப்டிக் டேங்கை இருவருமே விட்டுவிட்டீர்கள். கசடை முதலில் பிரிக்காவிட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். அந்தத் தொட்டிக்கும் காரணி 0.5. படுகையின் 0.01-ஐ மட்டும் காட்டுவது கணக்காகாது.

ஆற்றங்கரையான்:
சரியான கேள்வி. தொட்டியை மூடி, வாயுவைப் பிடித்து அடுப்புக்கு விடலாம். சாண எரிவாயு எரித்த நாட்டுக்கு இது புதிதல்ல.

செங்கோரை:
அந்த ஏற்பாடு திட்ட அறிக்கையிலேயே இருந்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். மீதி, நிலம். ஆளுக்குச் சில சதுர மீட்டர் என்றாலும் பெருநகரத்தில் எங்கே போவது? இருக்கும் சதுப்பைத் தோண்டிப் படுகை கட்டினால், காலங்காலமாகச் சேற்றில் புதைந்து கிடந்த கரி, கரியமில வாயுவாக வெளியேறும். பேரூராட்சிக்கும் கல்லூரி விடுதிக்கும் கட்டுங்கள், தடுக்க மாட்டேன். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் கை வைக்காதீர்கள்.